40 கொண்டை ஊசி வளைவு, விடாத மழை, 250 குதிரைத்திறன் கார்... வால்பாறைக்கு எந்த டயரில் ஏறலாம்?

ஜூலை மாதத்தில் ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். எதிரே நிற்கும் ஆனைமலையின் பாதி உயரத்துக்கு மேல் எதுவுமே தெரியாது. வெள்ளை வெளேரென்று மேகம்தான். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கை மலையின் மேல்பகுதியே வாங்கிக்கொள்கிறது. மலை மறைவில் இருக்கும் ஆழியாறுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். மேலே வால்பாறையிலோ நாள் கணக்கில் விடாமல் பெய்யும். அதற்கும் அப்பால் இருக்கும் சின்னக்கல்லாறு, தென்னிந்தியாவில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

இந்த இரண்டு உலகத்தையும் இணைப்பது ஒரே ஒரு மலைப்பாதை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 64 கி.மீ. அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் காய்ந்த தார் ரோடு. சில வளைவுகள் தாண்டினால் தூறல். இன்னும் மேலே போனால் மழை, பனிமூட்டம், சாலையின் குறுக்கே ஓடும் தண்ணீர். கீழே சாதுவாக வந்த அதே கார், மேலே வேறு மாதிரி நடந்துகொள்ளும். கார் மாறவில்லை. அது நிற்கும் தரை மாறிவிட்டது.

'நம்ம வண்டி பவர்ஃபுல் வண்டி, மலையெல்லாம் தூசு' என்று நினைப்பவர்கள்தான் இந்தப் பாதையில் அதிகம் யோசிக்க வேண்டும். ஏன் என்று பார்க்கலாம், வாங்க.

பெரியப்பாவின் ஆசை, அண்ணனின் கார்

என் பெரியப்பா வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக 30 வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்று கோவைக்கு வந்த பிறகும் ஜூலை வந்தால் மனிதர் இருப்புக்கொள்ள மாட்டார். "மழைல பாக்கோணும் கண்ணு. வெயில்ல வால்பாறையப் பாக்கறது பாதி வால்பாறதான்" என்பார். வயது 76. முழங்கால் வலி. பஸ்ஸில் 40 வளைவும் சுற்றி ஏற முடியாது. "இந்த ஒரு வருசம் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சென்ற ஜூலையில் கேட்டார்.

பெரியப்பா மகன், அதாவது என் அண்ணன், அப்போதுதான் ஒரு செடான் கார் வாங்கியிருந்தான். செகண்ட் ஹேண்ட். 250 குதிரைத்திறனுக்கு மேல். பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகும் 'ரியர் வீல் டிரைவ்' ரகம். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். "அப்பாவை ராஜா மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இந்தக் கார் மழையில் எப்படி?

இதைக் கேட்டதற்குக் காரணம் சின்னக் கணக்குதான். கார், நான்கு பேர், பெட்டி எல்லாம் சேர்ந்து 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 500 கிலோ. டயரில் காற்று 32 பி.எஸ்.ஐ. என்றால், அந்த எடையைத் தாங்க ஒரு டயர் தரையில் பதியும் இடம் ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். அதாவது, பெரியவர் ஒருவர் கையை விரித்து வைத்தால் எவ்வளவு இடமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். 250 குதிரைத்திறனும், பிரேக்கும், ஸ்டீயரிங்கும் தரையோடு பேசுவது இந்த நான்கு கையளவு ரப்பர் வழியாகத்தான். ஏ.பி.எஸ்., டிராக்‌ஷன் கன்ட்ரோல் எல்லாம் இருக்கிற பிடிமானத்தைச் சரியாகப் பயன்படுத்த உதவும். இல்லாத பிடிமானத்தை அவற்றால் உண்டாக்க முடியாது.

டயருக்கும் பிறந்த தேதி உண்டு

கோவையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் அறுபதை நெருங்குபவர். காரைச் சுற்றி வந்தார். முன் டயர் இரண்டிலும் பட்டன் நன்றாகவே இருந்தது. பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. பின்சக்கரம் இழுக்கும் பவர்ஃபுல் கார்களில் பின் டயர் சீக்கிரம் தேய்வது சகஜம்தான்.

"பின்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கலாங்களா?" என்றான் அண்ணன். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. டார்ச் அடித்து முன் டயரின் பக்கவாட்டில் எதையோ தேடினார். 'டி.ஓ.டி.' என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் வரிசையின் கடைசி நான்கு எண்களைக் காட்டினார். 2618.

முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதாவது 2018-ம் ஆண்டின் 26-வது வாரத்தில் செய்த டயர். ஏழு வயது. "பட்டன் இருக்குதுங்க. ஆனா ரப்பர் செத்துப்போச்சு. நகத்தால அழுத்திப் பாருங்க" என்றார். கல் மாதிரி இருந்தது. பள்ளங்களுக்கு அடியில் மெல்லிய வெடிப்புகளும் தெரிந்தன.

ரப்பர் வெயிலிலும் காற்றிலும் மெல்ல மெல்ல இறுகும். ஓடினாலும் இறுகும், நிறுத்தி வைத்தாலும் இறுகும். 5 வருடம் ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது நிபுணரிடம் காட்டச் சொல்கின்றன பெரிய டயர் நிறுவனங்கள். 10 வருடம் ஆனால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடச் சொல்கின்றன. காய்ந்த சாலையில் கிழட்டு டயரின் குறை அவ்வளவாகத் தெரியாது. ஈரச் சாலையில்தான் அது காட்டிக்கொடுக்கும்.

புது டயர் வாங்கும்போதும் இந்த நான்கு எண்களைப் பாருங்கள். 2020 ஜூன் முதல் வெளிநாட்டு டயர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பெரிய கார்களுக்கான சில அளவுகள் எல்லாக் கடையிலும் உடனே கிடைக்காது. கிடைக்கிற டயர் கடை அலமாரியில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தது என்பதைச் சொல்வது அந்த எண்கள் மட்டும்தான்.

இரண்டா, நான்கா?

கொட்டேஷன் வந்தது. நான்கும் மாற்றினால் அறுபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. கார் வாங்கிய கடனே இன்னும் முதல் தவணையில் நிற்கிறது.

இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும் யோசனைதான் அவனுக்கும் வந்தது. இப்போது இரண்டு, தீபாவளி போனஸில் இரண்டு. தப்பான யோசனை என்று சொல்ல முடியாது. நான்கும் ஒரே வயதில், ஒரே ரகத்தில் இருந்து இரண்டு மட்டும் தேய்ந்திருந்தால் அப்படிச் செய்யலாம். அப்போது புது டயர்களைப் பின்னால்தான் போட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் பின்னால்தான். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரம் போல் சுற்றப் பார்க்கும். அதைச் சமாளிப்பது நம்மைப் போன்ற சாதாரண டிரைவர்களால் ஆகிற காரியம் இல்லை.

ஆனால், அண்ணன் காரின் நிலைமை வேறு. பின்னால் மட்டும் புதிது போட்டால் பின்சக்கரம் பிடிக்கும். ஏழு வயது முன்சக்கரம் பிடிக்காது. பிரேக் அடிக்கும்போது எடை முன்பக்கம்தான் சாய்கிறது. மலை இறக்கத்தில் இன்னும் அதிகமாகச் சாயும். ஆக, நிறுத்த வேண்டிய பெரிய வேலை முன் டயர்களுக்கு. அதைக் கல்லாகிப்போன ரப்பரிடம் ஒப்படைக்க முடியாது.

"அப்பாவை உக்கார வெச்சுத்தானே ஓட்டப்போறீங்க?" என்று மட்டும் கேட்டார் கடைக்காரர். நான்கு என்று முடிவானது.

அகலம் அழகு, மழைக்கு ஆகாது

அடுத்த ஆசை, அகலம். 225-க்குப் பதில் 245 போட்டு, ரிம்மையும் பெரிதாக்கினால் கார் கெத்தாக இருக்கும் என்று நண்பர்கள் சொல்லியிருந்தார்கள்.

காரில் இருந்த அளவு 225/50 ஆர் 17. 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 50 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவிகிதம் என்பது. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். அகலமான டயர் காய்ந்த சாலையில், வளைவுகளில் நன்றாகப் பிடிக்கும். தண்ணீரில் கதை மாறுகிறது. டயர் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தண்ணீரை அது விலக்கித் தள்ளியாக வேண்டும். மற்றதெல்லாம் சமமாக இருந்தால், அகலமான டயர்தான் குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் மழையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் விழும்போது டயர் வீங்கவும், ரிம் வளையவும் வாய்ப்பு அதிகம்.

கார் கம்பெனி சொன்ன அளவு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்திலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். மழைப் பயணத்துக்கு அதுதான் நல்லது.

பிராண்டைப் பார்க்காதீர்கள், ரகத்தைப் பாருங்கள்

'எந்த கம்பெனி நல்லது?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. மிஷ்லின், பிரிட்ஜ்ஸ்டோன், கான்டினென்டல், யோகோஹாமா, எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட் என எந்தப் பெயரை எடுத்தாலும் அதற்குள் பல ரகங்கள் உண்டு. நீண்ட நாள் உழைப்பது ஒன்று, மைலேஜ் கொடுப்பது ஒன்று, சத்தம் வராதது ஒன்று, பிடிமானத்துக்கென்றே செய்தது ஒன்று. ஒரே கம்பெனியின் இரண்டு ரகங்கள் மழையில் வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பவர்ஃபுல் காருக்கு, மழைக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

ஈரப் பிடிமானம்: ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர்களில் மழை மேகம் போட்ட ஒரு படம் இருக்கும். பக்கத்தில் 'ஏ' முதல் 'இ' வரை ஒரு தரம். 'ஏ' சிறந்தது. பல டயர்களின் பக்கவாட்டில் 'டிராக்‌ஷன்' என்று எழுதி 'ஏஏ', 'ஏ', 'பி', 'சி' என்று ஓர் எழுத்து இருக்கும். இது அமெரிக்க முறை. ஈரத் தரையில் நேராகப் போகும்போது பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதை வைத்துத் தருவது. 'ஏஏ' தான் உச்சம். நம் நாட்டிலும் டயரின் ஈரப் பிடிமானத்துக்கு 'ஏ.ஐ.எஸ்.-142' என்ற தர விதியை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது.

டிரெட்வேர் எண்: டிராக்‌ஷன் எழுத்துக்கு அருகிலேயே இருக்கும். எண் அதிகம் என்றால் டயர் அதிக நாள் உழைக்கும். ஆனால், நீண்ட நாள் உழைப்பதும் நன்றாகப் பிடிப்பதும் ஒரே டயரில் சுலபமாகச் சேர்ந்து வராது. பவர்ஃபுல் காருக்கு இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

வேகக் குறியீடு: அளவுக்குப் பிறகு '94 டபிள்யூ' என்பதுபோல் இருக்கும். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 'எச்' என்றால் 210 கி.மீ., 'வி' என்றால் 240, 'டபிள்யூ' என்றால் 270, 'ஒய்' என்றால் 300 கி.மீ. வேகம் வரை தாங்கும். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனால், கார் கம்பெனி கேட்டதைவிடக் குறைந்த குறியீட்டில் வாங்கக் கூடாது.

'சம்மர் டயர்' என்ற பெயர்: 'சம்மர் என்றால் வெயிலுக்கு, மழைக்கு ஆகாது' என்று நினைத்துவிடாதீர்கள். பனி கொட்டும் நாடுகளில் 'வின்டர் டயர்' என்று தனியாக உண்டு. அது இல்லாததுதான் சம்மர் டயர். குளிர் 7 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை, நல்ல சம்மர் டயர் மழையில் பிரமாதமாகப் பிடிக்கும். வால்பாறை மழைக்கு அது போதும்.

பந்தய ரகம்: 'செமி ஸ்லிக்' என்று ஒன்று இருக்கிறது. பள்ளங்கள் குறைவு, ரப்பர் அதிகம். ரேஸ் டிராக்கில் காய்ந்த தரையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தேங்கிய சாலையில் ஆபத்து. அண்ணனின் நண்பர் ஒருவர் இதைத்தான் சிபாரிசு செய்திருந்தார். நல்லவேளை, கடைக்காரரே வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசியில் அதே 225/50 ஆர் 17 அளவில், ஈரப் பிடிமானத்தில் 'ஏ' தரம் வாங்கிய ஒரு சம்மர் டயர் முடிவானது. நான்கும் ஒரே ரகம். நான்கிலும் அந்த வருடத்து எண். புது டயரின் மேற்பரப்பு முதல் நூறு, இருநூறு கி.மீ. வரை கொஞ்சம் வழுக்கும் என்பதால், அண்ணன் அவற்றை முதலில் ஈரோடு வரை ஓட்டிப் பழக்கினான். அடுத்த ஞாயிறு அதிகாலை கிளம்பினோம்.

முதல் பரீட்சை: பொள்ளாச்சி சாலை

கோவை - பொள்ளாச்சி நான்குவழிச் சாலையில் கிணத்துக்கடவு தாண்டியதும் வானம் இருட்டிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று இந்தப் பக்கம் திடீரென்று ஒரு பாட்டம் மழையைக் கொட்டிவிட்டுப் போகும். அன்றும் கொட்டியது. சாலையின் ஓரப் பாதையில் தண்ணீர் தேங்கி நின்றது.

சமவெளியில் மழையின் ஆபத்து தண்ணீரின் ஆழமும் நம் வேகமும் சேர்ந்து வருவது. ஒரு கணக்கு போடலாம். டயரின் தடம் 20 செ.மீ. அகலம். சாலையில் 2 மி.மீ. தண்ணீர். வேகம் 90 கி.மீ. என்றால், ஒரு நொடிக்கு ஒரு டயர் விலக்க வேண்டிய தண்ணீர் 10 லிட்டர். ஒரு நொடிக்கு ஒரு சின்ன பக்கெட்! அந்தத் தண்ணீர் போக வழி வேண்டும். டயரில் இருக்கும் பள்ளங்கள்தான் அந்த வழி. புது டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். தேயத் தேய வாய்க்கால் தூர்ந்துபோகும். போக இடமில்லாத தண்ணீர் டயருக்கும் தரைக்கும் நடுவே ஆப்பு போல் நுழைந்து டயரையே தூக்கிவிடும். இதைத்தான் 'அக்வாபிளேனிங்' என்கிறார்கள். அப்போது ஸ்டீயரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகிவிடும். பிரேக்கும் வேலை செய்யாது.

காற்றழுத்தமும் இதில் சேர்த்தி. 1960-களில் அமெரிக்காவின் நாசா, விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் தந்தது. பள்ளங்கள் மறைந்த டயருக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால், 32 பி.எஸ்.ஐ. இருக்கும்போது சுமார் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்று 24-க்கு இறங்கியிருந்தால் சுமார் 82 கி.மீ. வேகத்திலேயே மிதக்கும். 'மழைக்குக் காற்றைக் குறைத்து வெச்சா நல்லா பிடிக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கார் கம்பெனி சொன்ன அழுத்தம், அதுவும் வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது பார்த்த அழுத்தம்தான் சரி.

நம் நாட்டுச் சட்டப்படி கார் டயரில் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் 1.6-ஐத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால், அது சட்டத்தின் கடைசி எல்லை. பவர்ஃபுல் காரில், மழையில் போகிறவர்கள் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது.

அண்ணன் வேகத்தை 60-க்குக் கொண்டுவந்தான். முன்னால் போன லாரியின் சக்கரத் தடத்தில், இடைவெளி விட்டுப் போனோம். அந்தத் தடத்தில் தண்ணீர் குறைவாக இருக்கும். பொள்ளாச்சிக்குள் நுழையும்போது மழை நின்றிருந்தது. தென்னந்தோப்புகளைக் கடந்து ஆழியாறு போனால், வெயில்!

இரண்டாம் பரீட்சை: மலை

சோதனைச் சாவடியைத் தாண்டி ஏறத் தொடங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். இந்தப் பாதையை அமைத்த பொறியாளர் லோமின் பெயர். கீழே ஆழியாறு அணை நீலத் தட்டு மாதிரி தெரிந்தது. பாறையில் இரண்டு வரையாடுகள் எங்களைச் சட்டைசெய்யாமல் நின்றன. அவற்றின் குளம்புக்கு இருக்கிற கிரிப்பை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை!

அதற்கு மேல் தூறல். பிறகு மழை. அட்டகட்டியை நெருங்கும்போது கண்ணாடி முழுக்க வெள்ளை.

மலையில் மழையின் குணமே வேறு. இங்கே தண்ணீர் தேங்குவது குறைவு, சரிவில் ஓடிவிடும். வேகமும் 20, 30 கி.மீ.தான். அதனால், மிதக்கும் ஆபத்து அவ்வளவு இல்லை. இங்கே எதிரி, சாலை மேல் படிந்திருக்கும் மெல்லிய ஈரப் படலம். அதோடு வளைவின் ஓரத்தில் பாசி, உதிர்ந்த இலை, லாரிகள் சிந்திய ஆயில், மண். இங்கே பள்ளத்தைவிட ரப்பரின் தரம்தான் பேசும். இளகிய, நல்ல ரப்பர் சாலையின் பொடிப்பொடி மேடு பள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்கும். இறுகிய ரப்பர் மேலோட்டமாக வழுக்கிப் போகும். பட்டன் நிறைய இருந்தும் அந்த 2618 டயர்கள் தோற்றிருக்கக்கூடிய இடம் இதுதான்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. 12 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில், காய்ந்த சாலையில் நல்ல டயர் சுமார் 35 கி.மீ. வேகம் வரை தாக்குப்பிடிக்கும். பிடிமானம் பாதியாகக் குறைந்தால் அது 25 கி.மீ.க்கு இறங்கிவிடும். வித்தியாசம் 10 கி.மீ.தான். ஸ்பீடாமீட்டரில் அது ஒரு விரலளவு. வளைவில் அது சாலைக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள வித்தியாசம்.

பவர்ஃபுல் காரில் இன்னொரு சிக்கல். வளைவு முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் எல்லோரும் ஆக்ஸிலேட்டரை அழுத்துவார்கள். சின்ன காரில் அது முக்கி முனகி ஏறும். அண்ணன் காரில் முதல், இரண்டாவது கியரில் பின்சக்கரத்துக்குப் போகும் சக்தி, ஈரச் சாலை தாங்கும் அளவைவிட அதிகம். ஒரு வளைவில் கொஞ்சம் கூடுதலாக மிதித்துவிட்டான். பின்பக்கம் ஒரு கணம் லேசாக அசைந்தது. டேஷ்போர்டில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மினுக்கியது. அடுத்த நொடி டயர் பிடித்துக்கொண்டது.

"மெல்லப் போ சாமி. மலைகிட்ட வீரம் காட்டக் கூடாது" என்றார் பெரியப்பா. அண்ணன் 'ஸ்போர்ட்' மோடிலிருந்து 'கம்ஃபோர்ட்' மோடுக்கு மாற்றினான். அதன் பிறகு விளக்கு எரியவில்லை.

இன்னும் மேலே, மூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று இரண்டு மஞ்சள் விளக்குகள். அரசுப் பேருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனால், வளைவில் பஸ் முழுச் சாலையையும் எடுத்தால்தான் திரும்ப முடியும். அண்ணன் பிரேக்கை மிதித்தான். கார் நேராக, அலுங்காமல் நின்றது. பஸ் டிரைவர் கையை உயர்த்திவிட்டு, எங்களுக்கு இரண்டு அடி தூரத்தில் லாகவமாக வளைத்துப் போனார். பின்சீட்டில் பெரியம்மா, "முருகா" என்று மட்டும் சொன்னார்.

யாரும் டயரைப் பற்றிப் பேசவில்லை. நல்ல டயருக்கு அதுதான் பாராட்டு என்று நினைக்கிறேன். அது வேலை செய்யும்போது எதுவுமே நடப்பதில்லை.

மழை வால்பாறை

கவர்க்கல் பக்கம் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. ஹெட்லைட்டை லோ பீமில் வைத்து, ஃபாக் லேம்ப் போட்டு, ஊர்ந்தோம். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஹஸார்டு லைட்டையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

மூட்டம் விலகிய இடத்திலெல்லாம் தேயிலை. கத்தரித்துவிட்ட மாதிரி சமமாக, மழையில் கழுவிவிட்ட பச்சை. நடுவே பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் மரத்தில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தன. இங்கே வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் குரங்கு அது. யானை நடமாட்டமும் உண்டு. இருட்டுவதற்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுவது நல்லது.

பெரியப்பா வேலை பார்த்த ஃபேக்டரி வாசலில் காரை நிறுத்தினோம். ஜன்னலை இறக்கச் சொன்னார். ஈரத் தேயிலையை வாட்டும் வாசம், மழை வாசத்தோடு கலந்து உள்ளே வந்தது. ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இன்னிக்கு எலை நல்லா வாடலை. மழைத்தண்ணி சாஸ்தி" என்றார். வாசத்தை வைத்தே சொல்லிவிட்டார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் வருடக்கணக்காக ஜூலையில் இங்கே வர ஆசைப்பட்டிருக்கிறார் போல.

கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்க ஆசையாக இருந்தது. மழை நாளில் தண்ணீர் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது என்பதால், கரையிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

இறங்கும்போது இன்னும் கவனம்

ஏறுவதைவிட இறங்குவதுதான் டயருக்குப் பெரிய சோதனை. எடை முழுக்க முன்பக்கம் சாயும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஆட்டோமேட்டிக் காரிலும் 'மேனுவல்' மோடுக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ளலாம். வளைவுக்குள் போவதற்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். வளைவுக்குள் டயருக்குத் திரும்புகிற வேலை மட்டும் இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தால் ஈரச் சாலையில் இரண்டையும் செய்யாது.

மழையில் மலைக்குக் கிளம்பும் முன்...

• நான்கு டயரிலும் டி.ஓ.டி. எண்ணைப் பாருங்கள். 5 வருடம் தாண்டியிருந்தால் டயர் கடையில் காட்டுங்கள்.

• பட்டன் ஆழம் 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

• நான்கும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்கட்டும். இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்.

• டயரில் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசை. 'அவுட்சைட்' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாற்றிப் போட்டால் தண்ணீர் சரியாக வெளியேறாது.

• காற்றை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

• மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில்தான் சாலை அதிகம் வழுக்கும். தூசியும் ஆயிலும் தண்ணீரோடு குழைந்து நிற்கும். அப்போது இன்னும் மெதுவாக.

• 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் பதிவு செய்துகொள்ளுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால், எந்த டயராக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

கார் வாங்கும்போது எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறோம், சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்கிறோம். அடுத்த முறை குனிந்து அந்த நான்கு எண்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டியில் உட்காரப்போவது உங்கள் வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும்தானே!